சரோஜாக்கா வளைகாப்பு போட்டோவுல ஒரு தண்ணிக் கோடு

பழைய ஆல்பத்தைத் திறக்கும்போது ஒரு சத்தம் வரும், கவனிச்சிருக்கீங்களா? பக்கத்துக்கு நடுவுல இருக்கற பட்டர் பேப்பர் மெல்லப் பிரியற சத்தம். கூடவே பீரோவுக்குள்ள இருந்த அந்துருண்டை வாசனை...

மைசூர்ல என்னோட முதல் வேலையே அந்த வாசனைக்குள்ளதான் நடந்துச்சு.

நான் மார்டள்ளிக்காரி, கர்நாடக எல்லையில இருக்கற தமிழ் ஊரு. லைப்ரரி சயின்ஸ் முடிச்சுட்டு ஒரு ப்ராஜெக்ட்ல கான்ட்ராக்ட்ல சேர்ந்தேன். முன்னாடி வெள்ளம் வந்தப்ப எந்தத் தெருவுல எவ்வளவு உயரம் தண்ணி நின்னுச்சுன்னு ஆதாரத்தோட சேர்த்து வைக்கணும். மறுபடி மழை கொட்டினா, எந்த வீட்டு ஆளுங்களை முதல்ல வெளிய கூட்டிட்டு வரணும்னு கன்ட்ரோல் ரூம் அதைப் பார்த்து முடிவு பண்ணும். அவ்வளவுதான் வேலை.

ஆபீஸ் ஃபைல்ல தேடினா, "தாழ்வான பகுதிகளில் நீர் புகுந்தது"ன்னு ஒரே ஒரு வரி. கணுக்கால் வரைக்குமா, கழுத்து வரைக்குமான்னு யாரும் எழுதி வைக்கல.

சரி, ஜனங்க கிட்டயே கேப்போம்னு நானும் மஞ்சுநாத்தும் கிளம்பினோம். மஞ்சுநாத் என்கூட வேலை பார்த்த கன்னடக்காரர். பாதி தமிழ், பாதி கன்னடம், மீதி சிரிப்பு. அவர் ஸ்கூட்டர் பின்னாடி ஸ்கேனரை மடியில வெச்சுக்கிட்டு உக்காருவேன். மண்டி மொஹல்லா தாண்டி, ராஜகாலுவேன்னு சொல்ற பெரிய மழைத்தண்ணிக் கால்வாய் ஓரமா சின்னச் சின்ன சந்துங்க. மத்தியான வெயில், ஊதுவத்தி வாசனை, எங்கயோ குக்கர் விசில்... இப்ப நெனச்சாலும் கனவு மாதிரிதான் இருக்கு.

வீடு வீடாப் போய், "வெள்ளம் வந்தப்ப எடுத்த போட்டோ இருக்குங்களா?"ன்னு கேட்டோம்.

எல்லாரும் எங்களை ஏற இறங்கப் பார்த்தாங்க. அரிசி மூட்டையைத் தூக்குவாங்களா, கேமராவைத் தூக்குவாங்களா? அந்தக் காலத்துல கேமராதான் யார்கிட்ட இருந்துச்சு! படிச்ச மேதாவிங்க ரெண்டு பேரும் நாள்கணக்கா வெறுங்கையோட திரும்பினோம்.

அப்பதான் சரோஜாக்கா வீடு. கொள்ளேகால் பக்கத்துக்காரங்க. புருஷன் ஃபேக்டரில இருந்தவர், பக்கவாதம் வந்து கட்டில்ல படுத்துட்டார். பள்ளிக்கூடம் போற ஒரே பொண்ணு. அக்கா காபி கொடுத்துட்டு, "வெள்ளத்துப் போட்டோ எல்லாம் இல்ல கண்ணு, என்ர வளைகாப்புப் போட்டோ பாக்குறயா?"ன்னு ஆல்பத்தை நீட்டினாங்க.

கை நிறைய கண்ணாடி வளையல், கன்னத்துல சந்தனம், வெக்கச் சிரிப்பு. நான் புடவையைப் பார்த்துட்டிருந்தேன். மஞ்சுநாத் மட்டும் போட்டோ மேல விரலை வெச்சார்.

"மேடம், ஹிந்தே நோடி... பின்னாடி செவுரு பாருங்க."

அக்கா தலைக்குப் பின்னாடி, செவுத்துல நீளமா ஒரு பழுப்புக் கோடு.

"ஓ, அதுவா? அதுக்கு முந்தின மாசந்தான் தண்ணி வந்துட்டுப் போச்சு. சுண்ணாம்பு அடிச்சுத் தர்றேன் அடிச்சுத் தர்றேன்னாரு, எங்க அடிச்சாரு?" கட்டில்ல இருந்தவர் வாய் ஒருபக்கமா சிரிச்சுது.

போட்டோவுல கோட்டுக்கு மேல தெரிஞ்ச ஜன்னல் இப்பவும் அப்படியே இருந்துச்சு. போட்டோவுல கோடு ஜன்னலுக்கு எவ்வளவு கீழன்னு பார்த்து, நேர்ல டேப் பிடிச்சு அளந்தோம். கோடு வந்த இடம், அவர் படுத்திருந்த கட்டிலுக்கு மேல.

அதுக்கப்புறம் நாங்க வெள்ளத்தைப் பத்திக் கேக்கறதையே விட்டுட்டோம். "வீட்ல நடந்த விசேஷத்துப் போட்டோ காட்டுங்க"ன்னுதான் கேட்டோம். பேர் வெக்கறது, பொறந்தநாள், கொலு, நிச்சயதார்த்தம்... எல்லாருக்கும் பின்னாடி ஒரு செவுரு, செவுத்துல ஒரு கோடு. சிரிக்கற முகங்களுக்குப் பின்னாடி தண்ணி தன் கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிருந்துச்சு.

அடுத்த வருஷ மழையில கன்ட்ரோல் ரூம்ல, நாங்க ஸ்கேன் பண்ணிச் சேர்த்து வெச்ச போட்டோக் காப்பகத்தைத்தான் திறந்தாங்க. சரோஜாக்கா சந்துக்கு முதல்ல ஆள் போச்சு. கொஞ்ச நேரத்துல எனக்கு போன். "அந்தம்மா வரமாட்டேங்கறாங்க, நீங்க பேசுங்க."

"முட்டிக்கு மேல எப்பவும் வந்ததில்ல கண்ணு. இவரைத் தூக்கி அலைக்கழிச்சா உசுரே போயிரும்."

மனசு அப்படித்தான் போல. பழைய தண்ணியை வருஷா வருஷம் கொஞ்சம் வத்த வெச்சுடுது.

"அக்கா, உங்க வளைகாப்புப் போட்டோவை நெனச்சுப் பாருங்க. அந்தக் கோடு அண்ணன் கட்டிலுக்கு மேல இருக்குதுங்க. நாங்க அளந்தமே."

மழைச் சத்தத்துக்கு நடுவுல அக்கா குரல் வந்துச்சு.

"செரி. தூக்கச் சொல்றேன்."

பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு, புடவையால கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. சாயங்காலத்துக்குள்ள தண்ணி கட்டிலை முழுங்கிடுச்சு. ஆல்பமும் போச்சு. அவர் பொழைச்சார்.

இப்பவும் ஆபீஸ்ல அதே வேலைதான். பெரிய ஸ்க்ரீன், கலர் கலரா மேப். மழை பெஞ்சா ஆளாளுக்கு வீடியோ அனுப்பறாங்க. ஆனா எந்தத் தெரு, எந்த வீடுன்னு பாதிக்கு மேல தெரியாது. விசேஷமெல்லாம் மண்டபத்துல, பூ ஜோடனைக்கு முன்னாடி. வீட்டுச் செவுரு போட்டோவுல வர்றதே இல்ல... ஆல்பத்தை மடியில வெச்சு ஒருத்தர் கதை சொல்ல, காபி ஆறிப்போக உக்காந்திருந்த அந்த மத்தியானங்களுக்கு ஏங்குது மனசு.

போன மாசம் விஜயநகர்ல ஒரு மண்டபத்துல சரோஜாக்கா பொண்ணுக்கு வளைகாப்பு. காப்பகத்துல இருந்த ஸ்கேனை அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். அம்மா போட்டோவைப் பெருசாக்கி வாசல்ல வெக்கணும்னு பொண்ணுக்கு ஆசை. ஸ்டுடியோக்காரத் தம்பி, கேக்காமலே செவுத்தைப் பளிச்சுன்னு சுத்தம் பண்ணிக் கொண்டுவந்துட்டார்.

அக்கா அதைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

"அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டுக் கொண்டா சாமி. அது இருக்கப் போய்த்தான், இன்னைக்கு என்ர புள்ளைக்கு வளையல் போட அவங்கப்பா உக்காந்திருக்காரு."

உள்ள, வீல்சேர்ல இருந்தவர் நல்லா இருக்கற ஒரு கையால, பொண்ணு கையில வளையலை மெதுவா ஏத்திட்டிருந்தார்.