மிச்சம் பிடித்த காது

என் வீட்டுக்காரர் கணக்கில் உலகத்தில் கேட்டே ஆகவேண்டிய ஆல்பங்கள் ஆறுதான். ஆறும் கிழவர்கள் போட்டவை. இளசுகள் போட்டதை அவர் சேர்த்துக்கொள்வதே இல்லை. “இருவது வயசுல எவன் வேணாலும் கத்துவான். அறுவதுலயும் உள்ளேருந்து பாட்டு வருதா, அத்தப் பாக்கணும்” என்பார். ராக் பாட்டைப் பற்றி அவருக்கு இருந்த வேதாந்தம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு மாரிகுப்பம் ரயிலில் வருஷக்கணக்காகச் சண்டை போட்டார். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. போகவர ரயில். மற்றவர்கள் சீட்டாடுவார்கள், இவர் எந்தக் கிழவன் பெரியவன் என்று வாதாடுவார்.

ஆறில் மூன்று ஒரே ஆளுடையவை. அந்தப் பாடகர் வெள்ளைக்காரர், இப்போது எண்பது வயது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் யாராவது, “அவரா, அவரோட முதல் ஆல்பம்தானே நல்லது” என்று ஆரம்பிப்பீர்கள். எனக்கு அதையெல்லாம் கேட்கத் தெம்பில்லை.

அந்த மூன்றையும் எனக்குப் பிடிக்காமலே மனப்பாடம். ஒன்று, பெண்டாட்டி விட்டுப் போன வருஷம் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து பாடியது. நடுவில் ஒரு இருமல் வரும், அதை எடுக்காமல் விட்டிருப்பார். அடுத்தது, கூடவே வாசித்த கிட்டார்க்காரர் செத்த பிறகு போட்டது. கிட்டார் வரவேண்டிய இடங்களைச் சும்மா விட்டுவிடுவார். அந்த இடம் வரும்போது என் வீட்டுக்காரர் ஒரு விரலைத் தூக்குவார், பேசாதே என்று. நான் பேசவே மாட்டேன், இருந்தாலும் தூக்குவார். மூன்றாவது எழுபது வயதில் பாடியது. பாட்டு என்று சொல்ல முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

எனக்குப் பிடிக்காது என்றேனே, காரணம் உண்டு. நான் சர்ச் கொயரில் பாடுகிறவள். சுருதி சேராத குரலைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிக்குழம்பும் சாப்பிட்டானதும், எங்கள் வீட்டில் ஆல்பம்தான். ரிக்கார்டின் முதல் பக்கம், டீ, இரண்டாம் பக்கம். நடுவில் எழுந்து போகக்கூடாது. பிளைவுட்டில் அவரே அடித்த இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள். சத்தத்தில் சுவரில் காலண்டர் ஆடும். பக்கத்து வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கள் ஊரில் யாருக்கும் சத்தம் சத்தமாகத் தெரியாது. அண்டர்கிரவுண்டில் பாறையில் துளை போடுகிற மெஷினைப் பிடித்தவர்கள் எல்லாருக்கும் காது மந்தம். என் அப்பாவுக்கு மந்தம், மாமனாருக்கு மந்தம், இவரும் சுரங்கம் மூடுகிற வரைக்கும் அதே மெஷினைப் பிடித்தவர். அதனால் வீட்டுக்கு வீடு எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். “சோறு போடட்டுமா” என்று நான் கேட்டால் வெளியூர்க்காரர்கள் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைப்பார்கள். இப்படிக் கத்திக்கொண்டே இருந்ததில் இவருக்குக் காது போய்க்கொண்டிருப்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஸ்பீக்கரில் சத்தம் ஏற ஏற, ஆசை ஏறுகிறது என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் பாதிரி ஐயர் ஒரு பாட்டுச் சொன்னார். இவர் வேறு பாட்டை எடுத்து, நல்ல கணீரென்று ஆரம்பித்தார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆர்கன் நின்றுவிட்டது. கொயரிலிருந்து நான் கையைக் காட்டுகிறேன், புஸ்தகத்தைக் காட்டுகிறேன். இவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு சரணம் முழுசாகப் பாடி முடித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது. வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவும்போதுதான் பயம் வந்தது.

பெங்களூர் டாக்டர் பார்த்துவிட்டு, வலது காது முழுக்கப் போய்விட்டது, இடது காதில் கொஞ்சம் இருக்கிறது, அதுவும் இறங்கிக்கொண்டே வருகிறது என்றார். “வீட்ல ஒருத்தருமே கவனிக்கலையா?” என்று கேட்டார். காதில் வைக்க ஒரு மெஷின் கொடுத்தார்கள். அதில் பேச்சுக் கேட்டது. பாட்டுக் கேட்டால் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது என்றார். ஆனால் மெஷினைக் கழற்றிவிட்டு, இடது காதை ஸ்பீக்கர் மேலேயே வைத்துக்கொண்டால் பழைய ஆல்பம் மூன்றும் இன்னும் கேட்டன. கன்னத்தைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான், அந்த எண்பது வயதுக்காரர் புதிதாக ஒரு ஆல்பம் போடப்போகிறார், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார் என்று மகள் பெங்களூரிலிருந்து சேதி அனுப்பினாள். வெளிவர இன்னும் பல மாதம் இருந்தது. சேதியைப் படித்ததும் இவர் முகம் அப்படி மலர்ந்தது. பிறகு எழுந்து போய்ப் பஞ்சு எடுத்து வந்து இடது காதில் அடைக்க ஆரம்பித்தார்.

“இன்னாங்க பண்றீங்க?”

“மிச்சம் பிடிக்கிறேன்” என்றார்.

அண்டர்கிரவுண்டில் தொப்பியில் மாட்டுகிற விளக்கு ஷிப்ட் முழுக்க எரிய வேண்டும். அதனால் சாப்பிட உட்காரும்போதும், மேலே ஏற்றிவிடும் கேஜுக்குக் காத்திருக்கும்போதும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே இருப்பார்களாம். வேலைக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் சும்மா இருக்கும்போது செலவு பண்ணக்கூடாது. அதே கணக்கைக் காதுக்குப் போட்டார். இருக்கிற கொஞ்சத்தை என் கத்தலுக்கும் டிவிக்கும் கொடுத்துத் தீர்க்காமல், அந்த ஒரு ஆல்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று.

நானும் நம்பினேன். நானும் சுரங்கக்காரர் பெண்தானே, அந்தக் கணக்கு எனக்குத் தப்பாகவே படவில்லை. காது மெஷின் அதன் டப்பாவுக்குள் போனது. ஸ்பீக்கரைத் துணி போட்டு மூடினார். பழைய ஆறு ஆல்பத்தையும் தொடவில்லை. கல்யாணங்களுக்கு வரமாட்டேன் என்றார், மைக் செட் வைப்பார்கள் என்று. சாப்பாடு, குளியல், மாத்திரை எல்லாம் கைஜாடை. என் வீடு எப்போதும் கத்திக்கொண்டிருந்த வீடு, வாயில்லாத வீடாகிவிட்டது. எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது வேண்டுமென்றே தரையில் போட்டு உருட்டுவேன். அவர் திரும்பக்கூட மாட்டார்.

பேத்தி அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தாள். மகள் போனில் வீடியோ போட்டுக் கூப்பிட்டு, “அப்பாகிட்ட குடும்மா, தாத்தான்னு சொல்றா” என்றாள். நான் அவரிடம் கொடுத்தேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, திரையில் குழந்தையையும் எட்டி எட்டிப் பார்த்து, தலையாட்டி, சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பஞ்சை எடுக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வருகிறது. கர்த்தர் மேலும் வருகிறது. கொயரில் நின்று பாடுகிறேன், ஆனாலும் வருகிறது.

ஆல்பம் வருவதற்கு முந்தின வாரம் மறுபடி டாக்டரிடம் போனோம். பரிசோதனை முடிந்து டாக்டர் என்னிடம் கன்னடத்தில் கேட்டார், மெஷினை ஏன் போடவே இல்லை என்று. நான் விளக்குக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காது பேட்டரி இல்லையம்மா, பஞ்சு வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது போகிற வேகத்தில்தான் போகும் என்றார். இத்தனை மாதமும் தினமும் அவருக்குப் பிடித்ததையெல்லாம் கேட்டிருக்கலாம், அதெல்லாம் கேட்டிருக்கும் என்றார். இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். பேப்பரைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் இவர் பஞ்சை எடுத்துவிட்டு, “இன்னா சொன்னாரு?” என்றார்.

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். “அப்டியே கீதாம்!” என்று ரோட்டில் நின்று கத்தினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஸ்டேஷனில் எனக்கு மசால்வடை வாங்கிக் கொடுத்தார். அதை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தோம். மகள் முந்தின நாளே ரிக்கார்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்பீக்கர் மேலிருந்த துணியை எடுத்தார். ரிக்கார்டை விளிம்பில் பிடித்துத் தட்டில் வைத்து, முள்ளை இறக்கினார். பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இடது கன்னத்தைப் பெட்டியில் ஒட்டினார்.

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது. அவர் கண்ணை மூடவில்லை. கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. திருகு முனையில் போய் நின்றுவிட்டது. அவர் விரல்கள் அதை இன்னும் திருகிக்கொண்டே இருந்தன.

அந்தக் கிழவர் பாடினார். இத்தனை வருஷம் நான் பல் கூசிக் கேட்ட குரல். உடைந்து போயிருந்தது, ஆனாலும் சுருதியை விடவில்லை. மூச்சு எங்கே முடியும் என்று தெரிந்து, அதற்கு ஒரு சொல் முன்னாலேயே நிறுத்திப் பாடினார். எனக்கு மயிர் சிலிர்த்தது. முதல் தடவையாக இந்த மனுஷன் எதற்காக இப்படிக் கிறுக்குப் பிடித்து உட்கார்ந்திருந்தார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

பக்கம் முடிந்து முள் சுற்றிக்கொண்டிருந்தது. அவராகத் தூக்கவில்லை. அது முடிந்ததே அவருக்குத் தெரியவில்லை. நான் போய்த் தூக்கி வைத்தேன்.

“எப்டி கீது?” என்றார். சின்னக் குரலில் கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

மூக்கைச் சுருக்கி, கையை விரித்துக் காட்டினேன். “நல்லால்ல! கெழவனுக்குக் கொரல் போயிடுச்சு!” என்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன். ஒன்றும் இழக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு வேறென்ன தெரியும்?

அவர் என் வாயைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடுவுல உன் கால் தாளம் போட்டுச்சு” என்றார். “முப்பது வருஷத்துல ஒருநாளும் போட்டதில்ல.”

நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

“அத்த மறுபடி போடு. நீ கேளு. நான் பாத்துகினு இருக்கேன்.”

போட்டேன். அவர் பெட்டியை விட்டு எழுந்து வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். பாட்டு வந்தது. கால் கல்லாக இருந்தது. தாளம் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று காலை வேண்டுமென்றே தூக்கித் தூக்கி வைத்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பாதத்தின் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்து, “போதும், உடு” என்றார்.