கேட்காத கசெட்டில் என் குரல்

சென்ற வருடம் தைப்பொங்கலுக்கு முந்திய வாரம், பதுளை பஸாரில் நான் வேலை செய்யும் ரேடியோ திருத்தும் கடையில் நடந்தது இது. முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா, ஓடாத கசெட் ரெக்கார்டரைத் துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.
2. உள்ளே ரப்பர் பட்டி தளர்ந்திருந்தது. மாற்றினேன்.
3. பதிவாகிறதா என்று பார்க்க, உள்ளே கிடந்த கசெட்டிலேயே பேசிப் பதிந்தேன்.
4. அந்தக் கசெட்டை அவர் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான். ரேடியோ திருத்தும் படிப்புப் படித்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். திருத்துகிற ஆளை இங்கே பாஸ் என்போம். கடைக்கு வருகிறவர்கள் என் கையில் சூடான சோல்டரிங் அயர்னைப் பார்த்த பிறகும், "பாஸ் இல்லையா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். லயத்தில் என்னை ‘மெசினோட பேசுறவ’ என்பார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில், "அவளுக்கு மாப்பிள்ளைக்குப் பதிலா ஒரு ரேடியோவக் கட்டி வச்சிரலாம்" என்று சிரிப்பார்கள். எனக்கு அதில் கோபமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

சோதனைக்கென்று மேசை லாச்சியில் வெற்றுக் கசெட் இருக்கிறது. அன்று அதை எடுக்கவில்லை. புதுப் பட்டியில் மோட்டார் அவ்வளவு சீராக ஓடியது. நிறுத்த மனம் வரவில்லை. பொத்தானை அழுத்தி ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினேன். அளவு காட்டும் ஊசி என் குரலுக்கு அழகாக ஆடியது. அதைப் பார்க்கும் ஆசையில், ரெசிஸ்டரின் மதிப்பைக் குறிக்கும் நிறங்களையும் மனப்பாடமாகச் சொன்னேன்: கறுப்பு, கபிலம், சிவப்பு, செம்மஞ்சள். முழு வரிசையும், இரண்டு முறை.

திருப்பிச் சுற்றிக் கேட்டேன். என் குரல் தெளிவாக இருந்தது. அது முடிந்ததும் ஒரு ‘டக்’. பிறகு வேறொரு பெண் குரல்: "...ன்னு பேரு வச்சிருக்கோம்மா. ஒனக்குப் புடிச்சிருக்கா?"

பக்கத்தில் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது.

மேலே பதிந்தால் முன்பு இருந்தது போனதுதான். எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் பெயர் இன்னொரு இடத்தில் வருமா என்று இரண்டு பக்கமும் கேட்டேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது போன்ற காரியம். புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் போய் நீலகிரியில் இருக்கும் அந்த அம்மாவின் மகள், தலைப்பிள்ளை பிறந்த செய்தியைப் பேசி அனுப்பியிருந்தாள். பிறகு எல்லோரும் ‘குட்டிப்பய’ என்றார்களே தவிர, ஒருவரும் பெயரைச் சொல்லவில்லை.

கடைக்காரரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன்; நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டதும், "சொல்லவாணாம் தங்கச்சி. டேப்பு பழுதுண்டு சொன்னா முடிஞ்சி" என்றார். இரண்டு நாள் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன்.

சனிக்கிழமை அந்த அம்மா வந்தார். வந்த வேகத்தில், "போடு பாப்பா, இங்கனயே கேட்டுர்றேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். போட்டேன். கறுப்பு, கபிலம் என்று என் குரல் வந்தது.

"இது என்னா மந்திரம்? யாரு இது?"

"நான்தாம்மா" என்று நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எம் பேரன் பேரு போயிருச்சா?" என்றார். பிறகு, "மெசினப் பாத்தியே, உள்ள ஒருத்தி பேசிக்கிட்டிருக்கான்னு பாத்தியா?" என்றார்.

லயத்துப் பெண்கள் கேலியாகச் சொன்னதை இவர் கேலியில்லாமல் கேட்டார்.

நான் திருத்துகூலி வேண்டாம் என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பேனா எடு. எனக்கு எழுத வராது. பேர மறுபடி கேட்டு மகளுக்கு எழுது" என்றார். ‘கசெட் கெட்டுப்போய்விட்டது’ என்று ஆரம்பித்து வாசித்துக் காட்டினேன்.

"அது எதுக்குப் பொய்யி? கடையில வேல செய்யிற புள்ள அழிச்சிருச்சின்னு எழுது."

அந்த வரியை அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். என் தவறை என் கையெழுத்தில் எழுதி, நானே தபால்பெட்டியில் போட்டேன். பிறகு மீதிக் கசெட்டை அவர் கடைசிவரை கேட்டார். குழந்தை அழுத இடத்தை மூன்று முறை போடச் சொன்னார்.

இப்போது கடைக்கு எந்த செட் வந்தாலும், கசெட்டை வெளியே எடுத்து, சொந்தக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரைத் தொடுகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதும் உண்டு. மெசின்மேல் உள்ள ஆசை குறையவில்லை. குறைக்கவும் நான் நினைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா செட்டோடு மறுபடி வந்தார். "காயிதம் வந்துருச்சி. பேரு தெரிஞ்சிருச்சி" என்றார். நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. இன்றுவரை அந்தப் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.