மேட்டில் மூச்சு முட்டிய கார்

கராஜ் தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு: நடு ரோட்டில் உயிரை விடும் வாகனம் கராஜ் வாசலை மிதித்ததும் பிழைத்துக்கொள்ளும். பழைய கார் வைத்திருக்கும் பாவப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் "நின்னுடுச்சு" என்பீர்கள். அது என் முன்னால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். நான் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பேன். மலையகத்தில், எங்கள் நோர்வூட் டவுனில் இருபது வருடமாக அப்படிப் பார்த்து வந்தவன், ஸ்டெல்லா டீச்சரின் கார் வந்த பிறகு அந்தப் பார்வையை விட்டுவிட்டேன்.

பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர்

ஸ்டெல்லா டீச்சர் மேல் டிவிசன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். அங்கே கணக்குக்கு வேறு ஆள் கிடையாது. டவுனில் இருந்து அந்த மேட்டுக்குக் காலையில் பஸ்ஸும் கிடையாது. அதற்காகவே வாங்கிய சின்னக் கார், ஒரு மழை வாரத்தில் விக்கி விக்கி என்னிடம் வந்தது. டாங்கியை இறக்கி ஊற்றிப் பார்த்தால் பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர். மூடியின் ரப்பர் வளையம் வெடித்து, மழை உள்ளே இறங்கியிருந்தது.

அந்தப் பழைய மொடலுக்கு ஹட்டன் முழுக்கத் தேடியும் மூடி இல்லை. மழை என்றால் எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பொலித்தீன்தான். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களின் இடுப்பில் இருந்து கோழிக்கூட்டுக் கூரை வரைக்கும் அதுதான். "பொலித்தீன ரெண்டா மடிச்சு டாங்கி வாயில வச்சு, மேல மூடிய இறுக்கிடுங்க டீச்சர்" என்றேன். டீச்சர் நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். "நீங்க சொன்ன மாதிரியே செய்றேன் பாஸ், ஒவ்வொரு தடவ பெட்ரோல் அடிக்கிறப்பவும் புதுசாவே வைக்கிறேன்." கராஜ்காரனுக்கு இங்கே பெயர் பாஸ்தான்.

வந்தால் நோயில்லை

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். இந்த முறை விக்கல் இல்லை. பாதி மேட்டில், கோயில் வளைவில், கார் இழுக்காமல் சோர்ந்துபோகிறது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்து நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் சும்மா நின்றால் தானாக ஸ்டார்ட் ஆகிறது. நான் முதல் வேலையாக மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தேன். பொலித்தீன் மடிப்புக் கலையாமல் இருந்தது. சொன்னதைக் கேட்கிற வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம், எனக்குப் பெருமையாகவே இருந்தது. டவுன் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை.

பெட்ரோல் பில்டரை மாற்றினேன். அடுத்த வாரம் பிளக்குகளை மாற்றினேன். அதற்கடுத்த வாரம் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்து, பொலித்தீனைப் பத்திரமாகத் திருப்பி வைத்தேன். கார் மட்டும் மேட்டில் நிற்பதை நிறுத்தவில்லை. மூன்றாம் முறை டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு போர்மை எடுத்துக் காட்டினார். டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்கும் போர்ம், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன் பாஸ், ஓ.எல் சோதனை எழுதப்போற பிள்ளைங்களுக்கு மொத பாடமே கணக்கு, அதுக்கே போய்ச் சேர முடியாத டீச்சர் அங்க எதுக்கு?"

தள்ளுகிற கைகள்

மறுநாள் சாயந்தரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு ஒரு அம்மா டவுனுக்கு இறங்கி கராஜுக்கே வந்துவிட்டார். பெயர் லெட்சுமி. மகள் டீச்சரின் ஓ.எல் வகுப்பில் படிக்கிறாள். தினமும் காலையில் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆள் கூடுவது அந்தக் கோயில் வளைவுக்குப் பக்கத்தில்தானாம். பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர், நின்ற காரைச் சமமான இடம் வரைக்கும் தள்ளிவிட்டுத்தான் கொழுந்துக்குப் போகிறார்களாம்.

திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எம்மக கணக்குல மொத தடவையா அம்பது தாண்டியிருக்கா பாஸ், நீங்க அவசரப்படாம நல்லாப் பாருங்க, அதுவரைக்கும் தள்ளுறதுக்கு நாங்க இருக்கோம்."

உஸ்

அடுத்த நாள் காலையில் டீச்சருக்குப் பக்கத்து சீட்டில் நானே ஏறி உட்கார்ந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. கோயில் வளைவில் கார் டீச்சர் சொன்னபடியே சோர்ந்து நின்றது. பெரட்டு முடிந்து லெட்சுமியும் மற்றவர்களும் பழக்கப்பட்ட மாதிரி பின்னால் வந்து கை வைத்தார்கள். நான் இறங்கி மூடியைத் திருகினேன். "உஸ்" என்று காற்று உள்ளே பாய்ந்தது. பொலித்தீன் டாங்கி வாய்க்குள் பை மாதிரி உறிஞ்சப்பட்டுக் கிடந்தது. டீச்சரைச் சாவி போடச் சொன்னேன். ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது.

விஷயம் விளங்கிவிட்டது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென்று மூடியில் ஊசித் துளை ஒன்று உண்டு. அதைத்தான் என் பொலித்தீன் அடைத்திருந்தது. மேட்டில் எஞ்சின் அதிகம் இழுக்கும்போது டாங்கிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. கராஜில் நான் மூடியைத் திறந்த போதெல்லாம் எனக்கே தெரியாமல் மூச்சுக் கொடுத்திருக்கிறேன்.

டீச்சர் முன்னால் இருந்தார், எதையும் பார்க்கவில்லை. பொலித்தீனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு "பம்ப் பழுது" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் காரின் மேல் அத்தனை கைகள் இருந்தன. "தப்பு கார்ல இல்ல டீச்சர், நான்தான்" என்று பொலித்தீனைக் காட்டினேன். டீச்சர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து இன்னும் கையெழுத்துப் போடாத அந்த மாற்றப் போர்மை எடுத்து, நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "புது மூடி வர்ற வரைக்கும் மழைக்கு இதைத்தான் வைக்கணும்னு மட்டும் சொல்லிடாதீங்க பாஸ்."

பெண்கள் சிரித்தார்கள். கார் யாரும் தொடாமல் மேட்டில் ஏறியது. லெட்சுமி மட்டும் கொஞ்ச நேரம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நாளையிலிருந்து பெரட்டு முடிஞ்சதும் நேரா மலைக்குத்தான் போகணுமா பாஸ்?"

பழைய டியூபில் வளையம் வெட்டிப் போட்டு, ஊசித் துளையைத் திறந்து விட்டதில் அந்தக் கார் இன்றுவரை முதல் பாடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இருபது வருடத்தில் நோயையும் நானே கொடுத்து வைத்தியமும் நானே பார்த்த வாகனம் அது ஒன்றுதான் என்று நம்பவே எனக்கு ஆசை.