சவிரிமுத்துவின் பேருக்கு வந்த கடிதம்

மேரியின் மாமனார் சவிரிமுத்து செத்துப் பதினேழு வருசத்துக்குப் பிறகு, அவருடைய பேருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எண்பத்து நாலாம் ஆண்டு, தவக்காலம். தபால்காரர் ஐயாத்துரை சைக்கிளை விட்டு இறங்காமலே அதை நீட்டினார்.

"மேரியக்கா, மோட்சத்துக்குச் சைக்கிள் போகாது. அதுதான் உங்களிட்டைக் கொண்டு வந்தனான்."

மேரி சிரிக்கவில்லை. உறையை யாரோ வெட்டித் திரும்பவும் ஒட்டியிருந்தார்கள். கடிதங்களை அரசாங்கம் உடைத்துப் பார்க்கிற அந்த நாளில் அது புதினமில்லை. உள்ளேயிருந்து விழுந்த பழைய படம்தான் புதினம். கையில் பெரிய தோலுறை மாட்டிய இளந்தாரிகள் இரண்டு வரிசையில் நின்றார்கள். ஓரத்தில் அவளுடைய புருசன் பஸ்ரியாம்பிள்ளை, தலை நிறைய மயிரோடு. அவருக்குப் பின்னால், மதிலில் சாய்ந்தபடி, பூப்போட்ட சட்டையில் ஒரு பெண். இடுப்பில் குழந்தை.

கலியாணம் முடித்த நாளிலிருந்து மேரி கேட்ட கதை ஒன்றுதான். கப்பலில் போன புருசன் மெக்சிக்கோவில் ஒரு துறைமுகத்தில் இறங்கி, வீச்சுவலை எறிந்த கையின் பலத்தில், பேஸ்போல் கோஷ்டியொன்றில் பந்தெறிகிறவராகச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். எட்டு வருசம் விளையாடினார். தகப்பன் பேரை முன்னால் எழுதுகிற நம்முடைய வழக்கம் அங்கே விளங்காததால், அவரைச் சவிரிமுத்து என்றே கூப்பிட்டார்கள். இதை ஊர் நம்பவில்லை. மேரி பாதி நம்பினாள். நம்பாத பாதியில் எப்போதும் ஒரு பெண் இருந்தாள். இப்போது அவளுக்கு முகமும் கிடைத்துவிட்டது.

அவர் கடலுக்குப் போன நேரம் பார்த்து, இங்கிலீசு தெரிந்த மாக்கிறேற் ரீச்சரிடம் கடிதத்தைக் கொண்டுபோனாள்.

"அக்கா, பழைய விளையாட்டுக்காரரின்ரை விபரம் சேர்க்கிற ஒருத்தர் எழுதியிருக்கிறார். நிரப்ப ஒரு பத்திரமும் இருக்குது. எந்தக் கையாலை எறிஞ்சவர், உயிரோடை இருக்கிறாரோ எண்டெல்லாம் கேட்கிறார். ஐம்பத்திரண்டிலையிருந்து ஐம்பத்தினாலு மட்டும் விளையாடினவராம். பிறகு கோஷ்டியாலை நிப்பாட்டிப் போட்டாங்களாம்."

"எட்டு வருசம் எண்டெல்லோ சொன்னவர்?"

அவர் ஊருக்கு வந்தது அறுபதில். வீட்டுக்கு நடக்கும்போது மேரி விரல் மடக்கினாள். எட்டில் மூன்று போக, ஐந்து வருசம் இடித்தது.

பின்னேரம், அவர் சாப்பிட்டுக் கை கழுவும் மட்டும் பொறுத்திருந்து படத்தை முன்னால் வைத்தாள்.

"ஆர் இவள்?"

அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இவளோ? மைதானத்திலை கச்சான்கடலை விக்கிறவள். இவ்வளவு பேர் நிக்க உனக்கு அவளைத்தான் தெரிஞ்சுதோ?"

"கச்சான் திண்டுகொண்டே ஐஞ்சு வருசம் இருந்தனீங்கள்?"

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். "முழங்கை பழுதாய்ப் போட்டுது. கலைச்சுப் போட்டாங்கள். வெறுங்கையோடை வர வெட்கம். கோஷ்டிக்காரரின்ரை உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு அங்கையே நிண்டனான்."

"நீங்களோ? இஞ்சை ஒரு சாரம் அலம்பினதை நான் காணேல்லை."

"மற்றவன்ரை ஊத்தையைக் காசுக்குத் தோய்ச்சனான் எண்டு சொல்லியிருந்தால் உன்ரை கொப்பர் பொம்பிளை தந்திருப்பாரோ?"

தந்திருக்கமாட்டார். அது மேரிக்குத் தெரியும். அகப்பட்ட ஆள் சொல்லுகிற மறுமொழி நன்றாகப் பொருந்தித்தான் இருக்கும் என்பதும் தெரியும்.

அடுத்தநாள் காலை, மகன் கோண்டாவிலில் உதைபந்து விளையாடிக் கொண்டுவந்த வெள்ளைச் சேட்டு ஒன்றை எடுத்தாள். முழுக்கச் செம்மண். "இதைத் தோய்ச்சுக் காட்டுங்கோ."

அவர் வேலிக்கு அப்பால் ஒருவரும் இல்லையென்று பார்த்துவிட்டுக் கிணற்றடியில் குந்தினார். சவர்க்காரத்தைத் தொடவில்லை. காய்ந்த மண்ணைக் கத்தியின் முதுகால் சுரண்டித் தட்டினார். சேட்டின் உட்புறத்தை வெளியே புரட்டி, கறையின் பின்பக்கமிருந்து தண்ணீரை ஊற்றினார். பிறகுதான் சவர்க்காரம். கைகள் யோசிக்காமல் ஓடின. கடைசியில் இரண்டு தோள்மூட்டையும் சேர்த்துப் பிடித்து ஓர் உதறு உதறிக் கொடியில் தலைகீழாகப் போட்டார். கறை இருந்த இடம் தெரியவில்லை.

"இருபத்துமூண்டு வருசமாய் நான் அடிச்சுத் தோய்க்கேக்கை பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்?"

"பிழையாய்த்தான் தோய்ச்சனீ. எனக்கு வாய் திறக்க ஏலாது."

மூன்று வருசம் என்றே எழுதச் சொல்லி அவர் பத்திரத்தைக் கொடுத்துவிட்டார். ரீச்சர் ஒவ்வொன்றாக நிரப்பி வந்தாள்.

"மனுசியின்ரை பேர் கேட்டிருக்குது, அக்கா."

"எத்தினை பேருக்கு இடம் விட்டிருக்கு?"

"ஒராளுக்குத்தான்."

"அப்ப என்ரை பேரைக் கொஞ்சம் பெரிசாய் எழுதுங்கோ, ரீச்சர். இடம் மிஞ்சக்கூடாது."