படை மாறிய மடிப்பு

நாள் முழுதும் நீராவி அழுத்தியின் முன் நின்றவர்களுக்குத் தெரியும்: பின்னேரமானால் உடுப்புகள் ஆளில்லாமலே நடக்கத் தொடங்கிவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மோர்னிங்சைட் பிளாசாவில் இருந்த ஒரு டிரைகிளீனிங் கடையில் அழுத்துகிற வேலை எனக்கு. கவுண்டரில் பத்மா அன்ரி.

பாவாடை

ஒரு நவம்பரில் அன்ரி கட்டம்போட்ட கம்பளித் துணியொன்றைக் கொண்டுவந்து போட்டார். அவர் எழுதிக் குத்தியிருந்த பற்றுத்துண்டில் ‘லேடீஸ் ஸ்கேர்ட்’ என்றிருந்தது. கொடுத்தவரோ பெரிய மீசை வைத்த மக்லவுட் கிழவர்.

விளக்காமல் இருக்க என்னால் முடியுமா? இது ஸ்கொட்லாந்தின் ஹைலாண்ட் மலைக்கார ஆண்கள் உடுக்கிற கில்ட் என்றேன். இருநூற்றைம்பது வருசத்துக்கு முன் அவர்கள் லண்டன் அரசனை எதிர்த்துக் கலோடன் வெளியில் தோற்றார்கள். பிறகு இந்த உடுப்புக்கே தடை. ஆனால் அதே அரசனின் பட்டாளத்தில் சேர்ந்தால் உடுக்கலாம், சேர்ந்தார்கள். சொல்லச் சொல்ல, நீராவிக்குள் மலைகள் எழும்பி வந்தன.

“உந்த மலையளைப் பிறகு பாப்பம் தம்பி, மனிசன் வியாழக்கிழமை வந்து நிக்கும்.”

கொய்யகம்

கில்டின் மடிப்பெல்லாம் பின்பக்கம். கழுவியதில் அவை கலைந்திருந்தன. தங்கைமாரின் சேலைக்கு முன்மடிப்பு, அதுதான் கொய்யகம், பிடித்துப் பழகிய கை எனக்கு. எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்த்து அழுத்தினேன். அலை மாதிரி வந்தது.

வியாழக்கிழமை மக்லவுட் அதை விரித்து, ஒரு மடிப்பை விரலால் புரட்டிக் காட்டினார். உலகப்போரில் அவர் நின்ற படைக்குப் பெட்டி மடிப்பு, இரண்டு விளிம்பும் உள்ளே திரும்பவேண்டுமாம். சாய்ந்த மடிப்பு வேறொரு படைக்கு. நான் இதைப் புத்தகத்தில் வாசித்தும் இருந்தேன், அதுதான் கூடுதல் வெட்கம். போரில் இறந்தவர்களுக்கான ஊர்வலம் மறுநாள் காலை.

“எங்கள் படையில் நடக்கக்கூடியவர்கள் மூன்று பேர்தான் மிச்சம், அதில் ஒருவனை நீ அடுத்த படைக்குக் கொடுத்துவிட்டாய்.”

பெட்டி

அவரையே உள்ளே கூப்பிட்டேன். ஒவ்வொரு மடிப்பாக அவர் விரலால் பிடித்தார், அது கலையாமல் அன்ரி நூலோடினார், நான் அழுத்தினேன். நீராவி மூன்று பேரையும் மூடியது. அதற்குள்ளிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது: வட ஆபிரிக்கப் பாலைவனம், எங்கும் புழுதி, முன்னால் பைக்குழல் ஊதிக்கொண்டு ஒருவன் போகிறான், ஆளைத் தெரியவில்லை, சத்தத்தின் பின்னால் எல்லோரும் நடக்கிறார்கள். நீங்களும் கில்டோடா என்று கேட்டேன். இல்லையாம். சண்டைக்குக் காற்சட்டை, ஊர்வலத்துக்குத்தான் கில்ட்.

“உடுக்க விடுறதுக்கெண்டு பட்டாளத்தில சேத்துப்போட்டு, பிறகு கழட்டி வையெண்டவங்களோ?” என்றார் அன்ரி. நான் மொழிபெயர்த்தேன். கிழவர் சிரித்ததில் ஒரு மடிப்பு நழுவியது, திரும்பப் பிடித்தோம்.

கடைசி நூலை உருவியதும் அவர் அதை உடுத்து, கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று, கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“நாளைக்கு எனக்குப் பின்னால் வருகிறவன் சரியான ஆளின் பின்னால்தான் வருவான்.”

ஒரு மலைநாட்டு வீரனைப் படை மாற்ற அரசாங்கத்துக்கு ஆணையும் முத்திரையும் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சூடான ஸ்திரிக்கைப்பெட்டியும் கொஞ்சம் தன்னம்பிக்கையும் காணும்.