ரெண்டாவது இடத்துக்கு ஓட்டுக் கேட்ட நாள்

சில வருஷத்துக்கு முன்னாடி, ஆஸ்திரேலியாவுல தேர்தல் வந்த சமயம் நடந்தது இது. ஆனா நடந்த இடம் ஆஸ்திரேலியா இல்ல. நியூயார்க்ல, கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு நடைபாதை.

நாங்க இருக்கறது நியூ ஜெர்சி எடிசன்ல. அதுக்கு முன்னாடி மெல்போர்ன்ல ரொம்ப வருஷம் இருந்து, அந்த ஊர் சிட்டிசன்ஷிப் வாங்கிட்டு, என் வீட்டுக்காரர் வேலைக்காக இங்க வந்தோம். என் தம்பி மட்டும் அங்கேயே தங்கிட்டான். தங்கினவன் சும்மா இருந்தானா? கட்சி, மீட்டிங்னு சுத்த ஆரம்பிச்சான். ஒரு நாள் போன் பண்ணி, "அக்கா, எனக்கு சீட் குடுத்துட்டாங்க"ன்னான். எம்.பி. சீட்! நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

சந்தோஷம் அடங்கின பிறகுதான் விவரம் தெரிஞ்சது. அவன் கட்சித் தலைவரை முந்தின தேர்தல்ல ஜனங்க தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க. இப்போ அதே மனுஷன் டிவியில வந்தா சேனலை மாத்தறாங்களாம். தம்பிக்குக் குடுத்த தொகுதியில ரொம்ப நாளா ஜெயிச்சிட்டு இருந்த அதே கட்சிக்காரர் காத்து மாறினதைப் பார்த்துட்டு, மரியாதையா ஓய்வு எடுத்துக்கிட்டார். எப்படியும் போகப் போற சீட்டுன்னுதான் என் தம்பி தலையில கட்டியிருக்காங்க. அது தெரிஞ்சும் இந்தப் பைத்தியம் இருந்த நல்ல வேலையை விட்டுட்டு, வீடு வீடா ஏறி இறங்கிட்டு இருந்தான். அப்பா திருச்சியிலேர்ந்து அவனோட பேசறதையே நிறுத்திட்டார்.

அவன் போஸ்டர் மேல யாரோ 'உன் ஊருக்குப் போ'ன்னு பெயின்ட்டால எழுதிட்டாங்க. அன்னிக்குப் பேசும்போது அவன் குரலே சரியில்ல. "விடுக்கா, பழகிப் போச்சு"ன்னான். எனக்குத்தான் தாங்கல. பதினாயிரம் மைல் தள்ளி உக்காந்துக்கிட்டு என்னதான் பண்றது?

வெளிநாட்டுல இருக்கற ஆஸ்திரேலியர்கள் தேர்தலுக்கு முன்னாடியே கான்சுலேட்ல போய் ஓட்டுப் போடலாம். நானும் போடணும். அப்போதான் எனக்கு அந்த ஐடியா வந்தது. தம்பி ரெண்டு கையையும் கூப்பி நிக்கற போட்டோ ஒண்ணு என்கிட்ட இருந்தது. அதைப் பெருசா போட்டு, மேல கட்சி கலர்ல அவன் பேரு, கீழ 'உங்கள் வீட்டுப் பிள்ளை'ங்கறதை இங்கிலீஷ்ல எழுதி, எங்க ஊர் ஓக் ட்ரீ ரோட்டுல ஒரு கடையில கட்டுக் கட்டா பிரின்ட் போட்டுட்டேன். தம்பிகிட்ட மூச்சு விடல. சர்ப்ரைஸாம்! என் பொண்ணு அதைப் பார்த்துட்டு, "அம்மா, ப்ளீஸ், நோ"ன்னா. வீட்டுக்காரர், "மன்ஹாட்டன்ல நின்னு மெல்போர்னுக்கு ஓட்டுக் கேக்கற முதல் ஆள் நீயாத்தான் இருப்பே"ன்னு கிண்டல் பண்ணார். நான் யார் பேச்சைக் கேட்டேன்?

ஆபீசுக்கு லீவு போட்டுட்டு காலை டிரெயின் பிடிச்சுப் போனேன். வசந்த காலம்னு பேருதான், காத்து ஊசியா குத்துது. கான்சுலேட் இருக்கற கட்டடத்துக்கு வெளியே ஒரு பொண்ணு நின்னு, ஓட்டுச் சீட்டுல எந்தக் கட்சிக்கு எந்த நம்பர் போடணும்னு சொல்ற கார்டு குடுத்துட்டு இருந்தாங்க. என் வயசுதான் இருக்கும். போட்டிருந்த டி-ஷர்ட்டைப் பார்த்தேன். ஒரு சின்னக் கட்சி. என் தம்பி தொகுதியிலயும் நின்னு, அவன் கட்சியைக் கிழி கிழின்னு கிழிக்கறவங்க. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டு, அந்தப் பக்கமா நின்னு நோட்டீஸைப் பிரிச்சேன்.

முதல் ஆள் வாங்கிப் பார்த்துட்டு, "நான் பெர்த்"னு சிரிச்சுட்டுப் போனார். அடுத்தது பிரிஸ்பேன். அதுக்கு அடுத்தது சிட்னி. அப்போதான் எனக்கு மண்டையில உறைச்சது. உள்ளே நாடு முழுக்க இருக்கற எல்லாத் தொகுதிக்கும் ஓட்டு நடக்குது. நான் ஒரே ஒரு தொகுதி நோட்டீஸை வச்சுக்கிட்டு நிக்கறேன்! நம்ம ஊர் பூத் வாசல்ல நிக்கற நினைப்பு எனக்கு.

அந்தப் பொண்ணு நேரா என்கிட்ட வந்தாங்க. சண்டைக்குத்தான் வர்றாங்கன்னு நானும் தயாரானேன். அவங்க நோட்டீஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்தி, ஆஸ்திரேலியாக்காரங்க யாரையும் கூப்பிடற மாதிரியே, "மேட், இதை உடனே பைக்குள்ள வை"ன்னாங்க. தேர்தல் நோட்டீஸ்ல யார் பொறுப்புல அடிச்சதுன்னு பேரும் ஊரும் கட்டாயம் போடணுமாம். நான் அடிச்சதுல ஒண்ணுமே இல்ல. யாராவது போட்டோ எடுத்துப் போட்டா பதில் சொல்ல வேண்டியது நான் இல்ல, என் தம்பி. ஏற்கெனவே தள்ளாடற வேட்பாளருக்கு அது ஒண்ணே போதும். உதவி பண்றேன்னு கிளம்பி, அவன் கழுத்துலயே கத்தியை வைக்கப் பார்த்திருக்கேன்.

அவங்க போனை எடுத்து ஒரே ஒரு படம் பிடிச்சிருந்தா, அவங்க கட்சிக்கு அன்னிக்கு லட்டு கிடைச்ச மாதிரி. பிடிக்கல. ஏற்கெனவே நான் குடுத்திருந்த நோட்டீஸையும், வாங்கினவங்க பின்னாடி ஓடிப் போய் அவங்களே திருப்பி வாங்கிட்டு வந்து என் கையில குடுத்தாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. நடு ரோட்டுல நின்னு தம்பி கதை மொத்தத்தையும் கொட்டிட்டேன். வேலையை விட்டது, அப்பா பேசாதது, போஸ்டர்ல எழுதினது எல்லாம்.

எங்க பெரியப்பாவும் மாமாவும் வேற வேற கட்சி. ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துல இன்னொருத்தர் கை நனைச்சதில்ல. அதைப் பார்த்து வளர்ந்தவ நான். அதனால அடுத்து அந்தப் பொண்ணு செஞ்சதை என்னால இன்னிக்கும் நம்ப முடியல. உள்ளே போற ஒவ்வொருத்தர்கிட்டயும் கார்டு குடுக்கும்போது, "நீங்க எந்தத் தொகுதி?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. தம்பி தொகுதின்னு யாராவது சொன்னா, "ஒண்ணு எங்களுக்குத்தான் போடணும். ஆனா ரெண்டு யாருக்குங்கறதை இவங்க சொல்வாங்க, கேளுங்க"ன்னு என்கிட்ட அனுப்பினாங்க.

அது என்ன ரெண்டுன்னு சொல்லிடறேன். ஆஸ்திரேலியாவுல ஒருத்தருக்கு மட்டும் குத்திட்டு வர முடியாது. நிக்கற எல்லாருக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா நம்பர் போடணும். யாரும் பாதியைத் தாண்டலைன்னா, கடைசியா வந்தவரைக் கழிச்சுட்டு, அவருக்கு ஓட்டுப் போட்டவங்க ரெண்டாவதா யாரை எழுதியிருக்காங்களோ அவர் கணக்குல அதைச் சேர்த்துடுவாங்க. ஜெயிக்கறவர் தேறுற வரைக்கும் இப்படியே போகும்.

சாயங்காலம் வரைக்கும் நின்னதுல அந்தத் தொகுதிக்காரங்க மூணே பேர்தான் வந்தாங்க. கையில காகிதம் இல்ல. வாயாலதான் சொன்னேன். ஒருத்தர் மெனக்கெட்டு நின்னு கேட்டார், ஒரு பொண்ணு பார்க்கலாம்னா, இன்னொருத்தர் வாட்சைப் பார்த்துக்கிட்டே போயிட்டார். நடுவுல, கார்டு குடுத்துட்டு இருந்த அந்தப் பொண்ணு தன் காப்பியைப் பாதி எனக்கு ஊத்திக் குடுத்தாங்க. கிளம்பும்போது போன் நம்பர் வாங்கிக்கிட்டோம்.

ஓட்டு எண்ணின அன்னிக்கு இங்க எங்களுக்கு சனிக்கிழமை காலை. இட்லித் தட்டோட உக்காந்து பார்க்கறோம், தம்பி ரெண்டாவது இடத்துல இருக்கான். திருச்சியில அதைப் பார்த்துட்டு, முன்னிலையில இல்லைன்னா தோல்விதானேன்னு அம்மா போனை அணைச்சுட்டுப் படுத்துட்டாங்க. ஆனா அங்க இன்னும் முடியல. தபால் ஓட்டு, வெளிநாட்டு ஓட்டுன்னு நாள் கணக்கா இழுத்தது. கடைசியில, மூணாவதா வந்த அந்தச் சின்னக் கட்சியோட ஓட்டைப் பிரிச்சப்போ, அதுல பெரும்பாலானவங்க ரெண்டாவதா என் தம்பி பேரைப் போட்டிருந்தாங்க. நாடு பூரா அவன் கட்சி அடி வாங்கின தேர்தல்ல, அவன் மூச்சு வாங்கிக்கிட்டே கரை ஏறிட்டான்.

மன்ஹாட்டன்ல பேசின மூணு பேரால ஜெயிச்சான்னு சொன்னா சிரிப்பாங்க. நான் அப்படிச் சொல்லல. ஆனா அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணி நன்றி சொன்னேன். அவங்க ஆள் தோத்துட்டார். "எங்களால வர முடியலைன்னா, நல்லவன் ஒருத்தன் வரட்டும்னு எழுதறதுதான் அந்த ரெண்டு"ன்னு சாதாரணமா சொன்னாங்க. அப்புறம் ஒரு நாள் எடிசனுக்கு வந்து எங்க வீட்டுல மசால் தோசை சாப்பிட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டே என் தம்பி கட்சியைத் திட்டு திட்டுன்னு திட்டினாங்க. நான் இன்னொரு தோசை போட்டேன்.

அப்பா இப்போ அவனோட பேசறார். அந்தத் தொகுதி மக்கள்ல பாதிப் பேருக்கு மேல தம்பியை முதல் ஆளா நினைக்கல, ஆனாலும் இவன் இருக்கட்டும்னு மனசார ஒரு இடம் குடுத்தாங்க. அந்த இடத்துலதான் என் தம்பியோட வாழ்க்கை இன்னிக்கு நிக்குதுன்னு நினைக்கும்போதெல்லாம், முகம் தெரியாத அத்தனை பேரையும் என் ரெண்டு கையும் தானா கும்பிடுது.