டேப்பில் எடுத்த உடம்பு

சர்ர்ரென்று உருளையிலிருந்து டேப்பை இழுக்கும் சத்தம். கூரியர் கடையில் பெட்டி ஒட்டும்போதோ, வீடு மாறுகிறவர்கள் சாமான் கட்டும்போதோ அது காதில் விழுந்தால் போதும், என் முன்கையில் ரோமம் எழுந்து நிற்கும். கூடவே, அங்கே இல்லாத இலவம்பஞ்சின் வாடையும் மூக்கில் ஏறும்.

போன வருடம் பங்குனியில், தேனி அல்லிநகரத்தில், எங்கள் வீட்டு மாடி அறையில் ஆரம்பித்தது அது.

எனக்கு வேடம் தைக்கிற பைத்தியம் உண்டு. வாரம் முழுக்க ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு குந்தியிருப்பவள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி, பசை, ரப்பர் அட்டை, இறகு என்று வேறொருத்தி ஆகிவிடுவேன். இந்தப் பள்ளத்தாக்கில் என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சேர்ந்தோம், பிறகு எங்கள் மாடியில் கூடினோம். அதில் ஒருவர் உத்தமபாளையம் பக்கத்து கிறிஸ்தவ டீச்சர்; கிறிஸ்துமஸ் நாடகத்தில் சம்மனசுகளாக, அதாவது தேவதூதர்களாக, நிற்கும் பிள்ளைகளுக்கு இறகு கட்டியே கை தேர்ந்தவர். இன்னொருத்தி கம்பத்துக்காரி. முப்பதைத் தாண்டியவள், பூச்சிமருந்துக் கடையில் வேலை. இது அவளுடைய கதை.

ஆவணியில் கொச்சியில் பெரிய வேட விழா. நாடெங்கிலுமிருந்து விதவிதமாக வேடம் கட்டிக்கொண்டு வருவார்கள். அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது ஓர் அந்துப்பூச்சி. மேகமலைப் பக்கம் மழைக்காலத்தில் விளக்கடிக்கு வரும், இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்த அகலம், இறகின் நுனியில் பாம்புத்தலை மாதிரி கோலம்.

"நாள் முழுக்கப் பூச்சியக் கொல்ல மருந்து விக்கிறேன்க்கா. ஒருநாளாச்சும் பூச்சியா நின்னு பாக்கணும்" என்றாள்.

அவ்வளவு பெரிய இறகைத் தாங்க வேண்டுமானால், மேல்சட்டை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். கம்பத்திலிருக்கும் ஆளை எந்நேரமும் நிறுத்திவைத்துத் தைக்க முடியாது. அதனால் உடம்பையே பிரதி எடுப்போம். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு அவள் கையை விரித்து நிற்க, டீச்சரும் நானும் சாம்பல் நிற டேப்பை எடுத்துக்கொண்டு அவளைச் சுற்றி வந்தோம். சர்ர். சர்ர். மார்புக்குக் கீழே, இடுப்பில், தோளுக்குக் குறுக்கே.

"முளைப்பாரிய சுத்துற மாதிரி சுத்துறீகளே. எனக்குத் தல கிறுகிறுங்குது டீச்சர்."

"வயித்த எக்காம நில்லு புள்ள. ஒல்லியாக் காட்டப் பாத்தியன்னா, அப்பறம் பூச்சிக்கு மூச்சு முட்டும்."

முதுகுப் பக்கம் கத்தரி வைத்துப் பிளந்ததும் அவள் அதிலிருந்து வெளியே வந்தாள். என் கையில் அவள் உடம்பின் கூடு. உள்ளே கையை விட்டேன், சுட்டது. அவளோ ஜன்னலோரம் நின்று தண்ணீர் குடிக்கிறாள். அவளுடைய சூடு என்னிடம் இருக்கிறது.

முதுகை மறுபடி ஒட்டி, போடியிலிருந்து வாங்கிவந்த இலவம்பஞ்சை அடைத்து, பழைய ஃபேன் கம்பத்தில் நிறுத்தினேன். அடைக்கும்போது வயிற்றின் இடப்பக்கம் லேசாகத் துருத்தியது. பஞ்சு ஒருபக்கமாகத் திரண்டுவிட்டது என்று குத்தினேன், தட்டினேன். அடங்கவில்லை. சட்டைக்குள் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

"வீட்ல ஒரு ஆளு கூடிப்போச்சா? தல இல்லாத கொழுந்தியா" என்றார் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து அந்தப் பொம்மைக்குப் பெயர் தங்கச்சி.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை இல்லாத நேரத்தில் பொம்மையைத் துணி போட்டு மூடி வைப்போம். வேடம் அரங்கேறியதும் பொம்மையை அறுத்துப் பஞ்சைப் பிரித்துவிடுவோம். "ஒரு மனுசியோட உடம்பு ரெண்டு எடத்துல நிக்கப்படாது" என்பார் டீச்சர், பாதி விளையாட்டாக.

வைகாசியில் சட்டை தயாரானது. தங்கச்சிக்கு உருவி விட்டதுபோல் இருந்தது, ஒரு சுருக்கம் இல்லை. கம்பத்துக்காரி போட்டுப் பார்த்தாள். இடுப்பில் கொக்கி எட்டவில்லை.

"பொம்ம சுருங்கிருச்சுக்கா."

அப்படித்தான் நாங்களும் நினைத்தோம். பஞ்சு அமுங்கினால் பொம்மை சிறுக்கும், புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்கள் செய்கிற தவறுதான். தையலைப் பிரித்து அகலமாக்கினேன். தங்கச்சிக்கும் பஞ்சு கூட்டலாம் என்று முதுகைப் பிளந்தேன். கையை விட்டால் விரல் நுழையவில்லை. அடைத்தபடியே கல்லாக இறுகி நிற்கிறது பஞ்சு. அப்படியானால் எங்கே சுருங்கியது?

ஆனியில் அவள் வந்தாள். பிரித்து அகலமாக்கிய சட்டையும் எட்டவில்லை.

டீச்சர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அந்த அறைக்குள் தனியாகப் போகும்போது விளக்கைப் போட்டுவிட்டுத்தான் காலை வைப்பேன், பகலிலும். பள்ளத்தாக்கில் மேல்காற்று தொடங்கியிருந்தது. சாத்திய ஜன்னல் வழியாகவும் ஊளையிட்டு நுழைந்தது. காலையில் சுவரைப் பார்த்து நிறுத்திய தங்கச்சி, மாலையில் மலையைப் பார்த்துத் திரும்பி நிற்கும். மூடிய துணி காலடியில் கிடக்கும். காற்று என்றுதான் எனக்கும் தெரியும். தெரிந்தும், துணியை எடுத்துப் போர்த்தும்போது முகம் இருக்க வேண்டிய இடத்தை நான் பார்ப்பதில்லை.

"அது மூச்சு விடுதுடி. வெளிய விடுறப்பச் சுருங்குது" என்றார் என் வீட்டுக்காரர். நான் சிரிக்கவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிறு. உச்சிப்பொழுதிலேயே வானம் இருட்டிச் சாரல் அடித்தது, கரண்டும் போய்விட்டது. மூன்றாவது முறையாக அளவு பார்க்க அவள் வந்திருந்தாள். டீச்சர் கொண்டுவந்த சாப்பாட்டில் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"என்ன புள்ள, கோழி கொத்துனாப்புல கொத்திட்டு வச்சிட்ட?"

"இப்பல்லாம் இவ்வளவுதான் டீச்சர். ரெண்டு வாய்க்கே வயிறு நெறஞ்சுருது. அந்தப் பூச்சிக்கு வாயே கெடையாதாம்ல? கூட்ட விட்டு வந்துட்டா திங்கவே திங்காதாம். நானும் பூச்சியாவே மாறிக்கிட்டு வர்றேன்னு நெனைக்கிறேன்."

டீச்சர் சிரித்தார். சட்டையை அவள் முதுகில் இழுத்துப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றது. இரண்டு பக்கத்துத் துணிக்கும் நடுவே ஒரு கையை வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது. கன்னம் ஒட்டிவிட்டது. சாப்பிடாதவள் எப்படிப் பெருப்பாள்?

சட்டையைக் கழற்றித் தங்கச்சிக்குப் போட்டேன். தொளதொளவென்று தொங்கியது. அரைவெளிச்சத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அப்போதுதான் உறைத்தது. பொம்மை பங்குனியில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு நூல்கூட மாறவில்லை. நகர்ந்துகொண்டே போனது இவள்.

"படு" என்றேன்.

"எதுக்குக்கா?"

"படுறீ."

பாயில் மல்லாந்தாள். வயிற்றில் கை வைத்தேன். இடப்பக்கம் உள்ளே ஏதோ கெட்டியாக, தேங்காய் மாதிரி. எழுந்து போய்த் தங்கச்சியின் வயிற்றைத் தடவினேன். அதே இடம். நான் குத்தியும் தட்டியும் அமுக்கப் பார்த்த அந்தச் சின்ன மேடு. பஞ்சு திரளவில்லை. முதல் நாளே, டேப் அவளிடமிருந்து அதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது.

அந்த அறையின் குளிரை இப்போதும் என்னால் சொல்லிக் காட்ட முடியாது.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததாலேயே மறுத்தாள். "ஆவணி முடியட்டும்க்கா. எறகெல்லாம் முடிச்சாச்சு. சட்ட ஒன்னுதான. இன்னும் ஒரு பட்டி வச்சுத் தச்சுக் குடுங்க, கொச்சிக்குப் போயிட்டு வந்து நானே போறேன்."

"இனி ஒரு தையலு பிரிக்க மாட்டேன்."

"அப்ப நானே பிரிச்சுக்கிறேன். குடுங்க."

கத்தரியை எடுத்தாள். நான் சட்டையோடு தங்கச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன், தலையில்லாத ஒன்றை. இப்போது நினைத்தால் கேலிக்கூத்து. அப்போது மூன்று பேரும் அழுதோம். கடைசியில் டீச்சர்தான் அவள் கையிலிருந்து கத்தரியை வாங்கினார். "ஏத்தா, பூச்சிக்குக் கொஞ்ச நாள்தான் உசுரு. நீ மனுசி. கொச்சிக்கு ஒனக்கு அவசரம் இல்ல."

மறுநாள் தேனியில் ஸ்கேன். அந்த வாரமே மதுரை. கருப்பையை ஒட்டிக் கட்டி. எடுத்தார்கள். நல்ல கட்டியில்லை என்றார்கள், ஆனால் இன்னும் பரவவில்லை என்றும் சொன்னார்கள். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் என்று மருத்துவர் தொடங்கிய வாக்கியத்தை அவளுடைய அம்மா முடிக்கவிடவில்லையாம்.

ஆவணி வந்தது, போனது. கொச்சிக்கு எங்களில் யாரும் போகவில்லை. அவள் மருந்து ஏற்றிக்கொண்டு மதுரையில் கிடந்த மாதங்களில் தங்கச்சி என்னோடுதான் இருந்தாள். நான் பயப்படுவதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. காலையில் ஜன்னலைத் திறக்கும்போது அந்த வயிற்றின் மேட்டில் கை வைத்து, "இன்னைக்கு எப்படி இருக்க?" என்று கேட்பேன். காற்றில் பொம்மை லேசாகத் திரும்பும். அன்று மதுரையிலிருந்து போன் வந்தால் அவளுக்குத் தேவலை என்றிருக்கும். வராவிட்டால் அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடாது.

தை பிறந்து அவள் வந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள், புருவம் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. டீச்சரும் வந்திருந்தார். வழக்கப்படி பொம்மையை அறுக்க வேண்டும். யாரும் கத்தரியைத் தொடவில்லை.

அவள் தங்கச்சியின் எதிரே வந்து நின்றாள். இப்போது அவள் அதைவிடச் சின்ன உடம்பு. வயிற்று மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"பாவம்க்கா. இவளுக்கு ஒன்னுமே தெரியாதுல்ல?"

பிறகு, அதை ஊருக்கு எடுத்துப் போகிறேன் என்றாள். "ரெண்டு எடத்துல நிக்கப்படாதுன்னு சொன்னாகள்ல? ஒரே எடத்துல நின்னுக்கிறோம்." டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃபேன் கம்பத்திலிருந்து தங்கச்சியைக் கழற்றி, என் பழைய சேலையைப் போர்த்தி, புதுப் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். கம்பம் பஸ்ஸில் கண்டக்டர் எட்டிப்பார்த்தார்.

"ஏத்தா, இந்தம்மாவுக்குத் தல எங்க?"

"வீட்ல வச்சிட்டு வந்துருச்சுண்ணே" என்றாள் அவள்.

பஸ்ஸே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. துணி போர்த்திய அந்தத் தோள் அவள் தோளில் சாய்ந்திருந்த விதம் அப்படி. அன்று முதல் எந்தச் சட்டை எட்டாவிட்டாலும் நான் துணியைக் குறை சொல்வதில்லை, போட்டிருப்பவரின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். நம்மை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்ட ஏதோ ஒன்று எங்கோ இருட்டில் அசையாமல் நின்று, நாம் எவ்வளவு நகர்ந்துவிட்டோம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று தோன்றுகிறது.

வண்டி உறுமியது. "ஜன்னல் பக்கம் நீ உக்காரு, காத்தாவது வரும்" என்றேன் கீழேயிருந்து.

அவள் தலையை ஆட்டினாள்.

"அவளே உக்காரட்டும்க்கா. இத்தன மாசமா எனக்காக நின்னுக்கிட்டே இருந்தா."